ஸ்கேலுக்காக ஒரு மாதம்

பிப்ரவரி 28, சனி

ஸ்கேல் பெரியவரின் பல் செட் நான்காவது முறையாகத் திரும்பி வந்துவிட்டது. டாக்டர் அதை ஒரு டப்பாவில் போட்டு அனுப்பியிருக்கிறார். மேலே ஒட்டிய காகிதத்தில் ஸ்கேலின் கையெழுத்து: "இடது பக்கம் அரை மில்லிமீட்டர் உயரம்." அரை மில்லிமீட்டர்! வாயா அது, ரயில் பாலமா?

இருபது வருடமாக மெழுகோடும் பிளாஸ்டரோடும் மல்லுக்கட்டி, பல் இல்லாதவர்களுக்குப் பல் செய்து கொடுக்கிறேன். இந்த வட்டாரத்தில் பாதிப் பேர் நான் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள். ஒருவர்கூட நான்கு முறை திருப்பியதில்லை. இவர் நில அளவை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நிலம் முடிந்துவிட்டது, இப்போது என்னை அளக்கிறார்.

வேலையோடு விட்டால் பரவாயில்லை. பிரார்த்தனைக் குழுவிலும் அவர் இருக்கிறார். சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் ஹாலில் செவ்வாயும் சனியும் காலை ஆறரைக்குப் பதினொரு பேர் கூடி, ஒரு மணி நேரம் பேசாமல் கடவுள்முன் உட்காருகிறோம். அவர் ஆறு மணிக்கே வந்து நாற்காலிகளை வரிசை பிடிப்பார். "ஸ்கேல்" என்று பெயர் வைத்தது நான்தான். இப்போது அவரைத் தவிர எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். இன்று நான் படியேறியதும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மூணு நிமிஷம்" என்றார். ஒரு வணக்கம் கிடையாது.

உண்மையை எழுதிவிடுகிறேன். ஒன்பது வருடமாகப் போகிறேன். கடவுள்மேல் எனக்கு அன்பு உண்டு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சந்தோஷம்? மற்றவர்கள் கண்ணைத் திறக்கும்போது முகத்தில் ஏதோ இருக்கிறது. எனக்குக் கால் மரத்துப்போவதைத் தவிர வேறு ஒன்றும் நடந்ததில்லை. அன்பு இருந்தால் சந்தோஷம் வர வேண்டாமா? வரவில்லை என்றால் அன்பே இல்லை என்றுதானே அர்த்தம்?

மார்ச் முடியும்வரை பார்ப்பேன். முப்பத்தொன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை. அன்றோடு நின்றுவிடுவேன். ஒன்பது வருடம் பொய் சொன்னது போதும்.

மார்ச் 3, செவ்வாய்

மாதத்தின் முதல் செவ்வாய், சீட்டு எடுக்கும் நாள். குழுவில் உள்ள பதினொரு பெயர்களையும் ஒருவர் சீட்டில் எழுதி டப்பாவில் போடுவார். அந்த வேலை மாதம் ஒருவர் முறை. ஆளுக்கு ஒரு சீட்டு. யார் வருகிறாரோ அவருக்காக மாதம் முழுவதும் தினமும் வேண்டிக்கொள்ள வேண்டும், அவருக்குத் தெரியாமல் ஏதாவது நல்லது செய்ய வேண்டும். யார் வந்தார் என்று யாரிடமும் மூச்சு விடக் கூடாது. டைரியில் எழுதவும் கூடாது.

இந்த மாதம் எழுதும் முறை ஸ்கேலுடையது. ஒவ்வொரு சீட்டுக்கும் நான்கு பக்கமும் பென்சிலால் கட்டம் போட்டிருந்தார். வேறு யாருக்கு இது தோன்றும்! டப்பாவுக்குள் கையை விட்டேன். பிரித்தேன்.

ஸ்கேல்.

(ஸ்கேல் என்பது பெயர் இல்லையே. விதி மீறல் ஆகாது.)

கடவுளே, உனக்கு வேறு வேலையே இல்லையா?

மார்ச் 4, புதன்

இன்றைய பிரார்த்தனை: "அவரை நீயே பார்த்துக்கொள். என்னால் பார்க்கச் சகிக்கவில்லை." இதைக் கணக்கில் சேர்ப்பாயா தெரியவில்லை.

மார்ச் 7, சனி

வேண்டிக்கொள்கிற ஆளிடம் தினம் ஒரு நல்ல விஷயமாவது கண்டுபிடி என்று டிரைவிங் மாஸ்டர் எப்போதும் சொல்வார். அவர்தான் எங்கள் குழுவை நடத்துகிறவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருப்பதால் ஆன்மிகத்திலும் கிளட்ச், பிரேக் இல்லாமல் பேச வராது.

இன்று ஒரு மணி நேரம் அரைக்கண்ணால் ஸ்கேலையே பார்த்தேன். கண்டுபிடித்தது: நகம் சுத்தமாக வெட்டியிருக்கிறார்.

ஐந்து நாளில் ஒன்று. இந்த வேகத்தில் அவரை நேசிக்க எனக்கு இன்னும் இரண்டு பிறவி வேண்டும்.

மார்ச் 9, திங்கள்

ஐயோ. ஐயோ.

ரகசியமாக நல்லது செய்ய வேண்டுமே, இந்த முறை பல் செட்டையாவது கவனமாகச் செய்வோம் என்று உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் வாயின் பழைய பிளாஸ்டர் அச்சிலேயே வைத்து வைத்து, அவரைத் திட்டிக்கொண்டே தேய்த்து அனுப்பிக்கொண்டிருந்தேன். இன்று வேண்டிக்கொண்டே எடுத்ததாலோ என்னவோ, அச்சைத் தாங்கியில் இருந்து கழற்றி அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒரு பிளாஸ்டர் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. கடுகைவிடச் சின்னது. அதன்மேல் அச்சு ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருக்கிறது. நான் செய்த செட் அத்தனையும் இடது பக்கம் உயரம்.

அளந்து பார்த்தேன். அரை மில்லிமீட்டர். மிகச் சரியாக அரை மில்லிமீட்டர்!

நாலு தடவையும் அந்த மனுஷன் சொன்னது சரி. வாய்க்குள்ளே ஸ்கேல் வெச்சிருக்கார்! நான் இருபது வருஷ அனுபவம்னு மூக்கைத் தூக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். மூக்கு உடைந்ததில் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு. மெருகு போடும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, நான் மேசையைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரிக்கிறேன். எதிர் அறையில் இருந்து டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

பாவம், ஒரு மாதமாக எதையும் சரியாக மென்றிருக்க மாட்டார். அவர் தனியாக உட்கார்ந்து வலது பக்கமாக மட்டும் மெல்லுவதை நினைத்தேன். உள்ளே ஏதோ ஒன்று அசைந்த மாதிரி இருந்தது. புதிதாக ஆரம்பித்தேன். ஒவ்வொரு பல்லையும் மெழுகில் வைக்கும்போது அவருக்காக ஒரு வார்த்தை சொன்னேன். பதினான்கு பல், பதினான்கு வார்த்தை.

மார்ச் 12, வியாழன்

டாக்டர் நேற்று செட்டை அவருக்கு மாட்டிவிட்டார். அவர் இப்படியும் அப்படியும் கடித்துப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு" என்றாராம். அவ்வளவுதான் சொன்னாராம். எனக்குத் தலைகால் புரியவில்லை! அந்த இரண்டு எழுத்து "சரி"யை நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டே ஏதோ முணுமுணுத்திருக்கிறேன் போலிருக்கிறது. வீட்டுக்காரர் அடுக்களை வாசலில் வந்து நின்றார். ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறவர். எந்தச் சத்தம் புதிதாகக் கேட்டாலும் அவருக்கு உடனே தெரிந்துவிடும். கடவுளோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை, சண்டையும் இல்லை.

"என்னடி, உடம்பு சரியில்லையா?"

"ஏங்க, நல்லாத்தானே இருக்கேன்."

"அதான் கேக்கறேன். நாலு நாளா சிரிச்ச மூஞ்சியா இருக்கே. பயமா இருக்கு. யாரு அந்த ஆளு?"

சொல்லக் கூடாதே! அறுபத்தெட்டு வயது, வாய் நிறைய நான் செய்த பல், பேசினால் நிமிடக் கணக்கு. இதை எந்த வாயால் சொல்வது? சிரித்துச் சிரித்துக் கையில் இருந்த தட்டு நழுவியது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே வேலைக்குப் போய்விட்டார்.

மார்ச் 14, சனி

எப்படி எழுதுவது இதை.

ஆறரைக்குக் கண்ணை மூடினேன். வழக்கம்போல ஸ்கேலில் ஆரம்பித்தேன்: அவர் வயிறு நிறையட்டும், முழங்கால் வலி குறையட்டும், யாராவது அவரைப் பார்த்துச் சும்மா ஒரு தடவை சிரிக்கட்டும். கேட்கக் கேட்க, இன்னும் கேட்கலாம் போல ஆசையாக இருந்தது. எனக்கென்று எதையுமே கேட்கவில்லை, ஞாபகமே வரவில்லை. அப்போதுதான் வந்தது. எங்கிருந்து என்று தெரியவில்லை. பால் பொங்குகிற மாதிரி, அடியில் இருந்து, சத்தமில்லாமல், நிற்காமல். அணைக்க முடியவில்லை. வாய் காதுவரை போய்விட்டது. சிரிப்புச் சத்தம் வெளியே வந்துவிடும் போலிருந்தது, துப்பட்டா நுனியை வாயில் அடைத்துக்கொண்டேன். கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்தது. பக்கத்தில் இருந்த மருந்துக்கடை அம்மா நான் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தட்டிக்கொடுத்தார். அதற்கு இன்னும் சிரிப்பு வந்தது.

ஒன்பது வருடம் எங்கே போயிருந்தாய்?

இல்லை, சந்தேகமும் வருகிறது. இது நிஜமா, இல்லை நாற்பத்தாறு வயதின் கோளாறா? பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வரலாமா? கொடுத்தால் என்ன, அதிலும் சந்தோஷம் என்றுதான் எழுதி வரும்.

மார்ச் 17, செவ்வாய்

ஒரு விசித்திரம். மழையில் எங்கள் குழுவில் இருக்கும் தையல்காரர் ஸ்கேலுக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தார். தான் முழுக்க நனைந்துவிட்டார். தையல்காரருக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது; போன வருடம் சட்டைக் காலர் விஷயத்தில் இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தியவர்கள். மருந்துக்கடை அம்மா அவர் நாற்காலியில் ஒரு குஷனைக் கொண்டுவந்து வைத்தார். டிரைவிங் மாஸ்டரோ, "ஐயா, இறங்கும்போது நான் கைபிடிச்சுக்கறேன், படி வழுக்குது" என்கிறார். நேற்றுவரை இவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தால் தூணுக்குப் பின்னால் ஒளிகிறவர்கள்!

எனக்குச் சுருக்கென்றது. அவர் என்னுடைய ஆள். என்னுடைய சீட்டு. குடை நான் பிடிக்க வேண்டியது. குஷன் வாங்க வேண்டும் என்று நானும் நினைத்திருந்தேன், இந்த அம்மா முந்திக்கொண்டார். வீட்டுக்கு வரும்வரை உம்மென்று வந்தேன்.

பிறகு உறைத்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி பொறாமைப்படுகிறேன். அதுவும் ஸ்கேலுக்காக! கடவுள் மேலே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்.

மார்ச் 21, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இன்று ஸ்கேல் வரவில்லை. ஒன்பது வருடத்தில் முதல் தடவை. நாற்காலிகள் கோணல்மாணலாகக் கிடந்தன. ஒருவருக்கும் மௌனம் கூடவில்லை. ஒரே செருமலும் நெளிதலும். ஏழரை அடித்ததும் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே குரலில், "நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்" என்றோம்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"நீங்க எதுக்கு?" என்று கேட்டார் டிரைவிங் மாஸ்டர்.

"நீங்க எதுக்கு?" என்றார் தையல்காரர்.

மருந்துக்கடை அம்மாதான் முதலில் பர்ஸைத் திறந்தார். சீட்டை எடுத்து நாற்காலிமேல் வைத்தார். தையல்காரர் சட்டைப் பையில் இருந்து எடுத்தார். நான் எடுத்தேன். ஒவ்வொன்றாகப் பத்துச் சீட்டு. எல்லாவற்றிலும் பென்சில் கட்டம். எல்லாவற்றிலும் ஒரே பெயர்.

மனுஷன் பதினொரு சீட்டிலும் தன் பெயரையே எழுதியிருக்கிறார்!

டிரைவிங் மாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "இது மோசடி. இத்தனை வருஷத்துல யாரும் இப்படிப் பண்ணதில்ல. ஒருத்தர் பிரார்த்தனைய இன்னொருத்தர் பிடுங்கிக்கறதா? அவரை இனிமே சேர்க்க முடியாது. செவ்வாய்க்கிழமை முடிவு பண்ணிடலாம்." பின்வரிசையில் இருந்து ஒரு குரல்: "அப்போ இந்த மாசம் நமக்காக யாருமே வேண்டிக்கலையா?"

அந்தக் கேள்வியில் நான் அப்படியே நின்றுவிட்டேன். இந்த மாதம் எனக்காக இந்த ஹாலில் ஒருவரும் வேண்டிக்கொள்ளவில்லை. ஒன்பது வருடமாக, மாதம் தவறாமல் யாராவது ஒருவர் எனக்காக வேண்டியிருக்கிறார்; அப்போதெல்லாம் வராத சந்தோஷம், யாருமே வேண்டாத இந்த ஒரு மாதத்தில் வந்திருக்கிறது. எனக்கு யாரிடமிருந்தோ கிடைத்ததால் வரவில்லை. அவர் பக்கமாக என்னிடமிருந்து ஏதோ போனதால் வந்தது.

சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். மௌன ஹாலில்! டிரைவிங் மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சிக்னலில் நிற்காமல் போன வண்டியைப் பார்ப்பார், அந்தப் பார்வை.

மார்ச் 22, ஞாயிறு

காலையில் நானும் தையல்காரரும் ஸ்கேல் வீட்டுக்குப் போனோம். மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. கட்டில், மேசை, ஒரு நாற்காலி. இரண்டாவது நாற்காலி கிடையாது.

அவர் எங்களைக் கட்டிலில் உட்காரச் சொன்னார். முகம் வெளுத்திருந்தது. நாங்கள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்.

"நேத்து மூச்சு வாங்கி படி இறங்க முடியல. இதயத்துல வால்வு கெட்டுப்போச்சு. இருபத்தாறாம் தேதி ஆபரேஷன். ரெண்டு மாசமாவே தெரியும். ஒருத்தர் வேண்டிக்கிட்டா பத்தாதுன்னு தோணுச்சு."

தையல்காரர் கேட்டார்: "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எல்லாருமே வேண்டியிருப்போமே ஐயா?"

"கேட்டுப் பழக்கமில்ல." கோணலாகக் கிடந்த ஜன்னல் திரையை நேராக இழுத்துவிட்டார். "என்னை யாருக்கும் பிடிக்காதுன்னு எனக்குத் தெரியும். கேட்டு, நீங்க மூஞ்சிய சுளிச்சா? சீட்டுல வந்தா தட்ட முடியாதே."

"அப்போ உங்க கைல வந்த பதினொண்ணாவது சீட்டு?" என்றேன் நான்.

"அதுவும் நான்தான். எனக்காக நான் வேண்டிக்கிட்டதும் இதுதான் முதல் தடவை." சிரிக்கப் பார்த்தார். பிறகு, "தப்புதான். மாஸ்டர்கிட்ட சொல்லிடுங்க, நானே நின்னுக்கறேன்."

படி இறங்கும்போது தையல்காரர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் அந்தப் பொங்குகிற பால்? அடுப்பு அணைந்துவிட்டது. பயம் மட்டும்தான் இருக்கிறது.

மார்ச் 24, செவ்வாய்

வாழ்க்கையில் முதல் தடவையாக ஹாலில் எழுந்து பேசினேன்.

"மாஸ்டர், அவர் செஞ்சது தப்பு. இல்லேன்னு சொல்லல. ஆனா ஒன்னு கேக்கறேன், எல்லாரும் உண்மையச் சொல்லுங்க. இந்த மாசம் மாதிரி நீங்க என்னிக்காவது சந்தோஷமா இருந்திருக்கீங்களா?"

தையல்காரர் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, நான் அன்னிக்கு மழைல நனைஞ்சிட்டு வீட்டுக்குப் போனப்போ எனக்குப் பாட்டு வந்துச்சு." மருந்துக்கடை அம்மா, தான் குஷன் உறையைத் தன் கையால் தைத்ததாகவும், தைக்கும்போது தன் கணவர் போனபின் முதல் தடவையாக வானொலியைப் போட்டதாகவும் சொன்னார். எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தோம். அவர் ரொம்ப நேரம் செருமினார்.

"நான்... அவர் கையைப் பிடிச்சு படி இறக்கினேன் பாருங்க. என் அப்பா கையை நான் பிடிச்சதே இல்ல." சட்டைப் பையில் இருந்து வண்டிச் சாவியை எடுத்தார். "சரி. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு யார் யார் வர்றீங்க? என் வண்டியில நாலு பேர் ஏறலாம்."

அவ்வளவுதான் விசாரணை!

மார்ச் 25, புதன்

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. படிவத்தில் "நோயாளிக்கு உறவு" என்று ஒரு இடம். நர்ஸ் நிமிர்ந்து, வரிசையாக நிற்கும் பத்துப் பேரையும் பார்த்துவிட்டு, "இதுல யாரு அவருக்குச் சொந்தம்?" என்று கேட்டார். பத்துப் பேரும் கையைத் தூக்கினோம். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஸ்கேல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கடைசிவரை தெரியவில்லை.

மார்ச் 26, வியாழன்

காலை ஏழு மணி. உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். பல் செட்டைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டு என்னிடம் கொடுத்தார். பல் இல்லாத வாயில் குழந்தை மாதிரி இருந்தார். "பத்திரம்" என்றார்.

இப்போது பதினொன்று. இன்னும் கதவு திறக்கவில்லை. இன்று சந்தோஷம் துளியும் இல்லை. தேடிப் பார்த்தேன், போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமையை நினைத்து நினைத்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. சரி, வர வேண்டாம். வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை, அது போதும். கிண்ணம் மடியில் இருக்கிறது.

சந்தோஷம் இல்லை என்றால் அன்பு இல்லை என்று எழுதியிருந்தேனே, எவ்வளவு பெரிய முட்டாள்.

மார்ச் 27, வெள்ளி

கண் திறந்துவிட்டார்! கண் திறந்துவிட்டார்! நர்ஸ் ஒருவரை மட்டும் உள்ளே விட்டார், மாஸ்டர் போனார். ஸ்கேல் அவரைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை: "குளுக்கோஸ் பாட்டில் ஸ்டாண்டு சாஞ்சிருக்கு."

மாஸ்டர் வெளியே வந்து அதைச் சொல்ல முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தாழ்வாரத்தில் பத்துப் பேரும் சிரித்த சிரிப்பில் இரண்டு வார்டு தள்ளி இருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். தையல்காரரும் மருந்துக்கடை அம்மாவும் கட்டிக்கொண்டார்கள். நான் யாரைக் கட்டிக்கொண்டேன் என்றே தெரியவில்லை, முன்பின் தெரியாத ஒரு பெண்மணி. அவரும் என்னோடு சேர்ந்து சிரித்தார்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சீட்டு, பல், வால்வு, எல்லாம். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்போ அந்த ஆளு இவர்தானா?" என்றார். பிறகு, "அவர் வீட்ல ஃபிரிட்ஜ் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கிடங்கில் சரி செய்து வைத்திருக்கும் ஒன்றை ஞாயிற்றுக்கிழமை தூக்கிக்கொண்டு போகப் போகிறாராம். கடவுளோடு பேச்சுவார்த்தை இல்லாத மனிதர்!

ஏப்ரல் 21, செவ்வாய்

ஸ்கேல் இன்று ஹாலுக்கு வந்துவிட்டார். மாஸ்டரும் தையல்காரரும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். ஆபரேஷன் அவரைக் கொஞ்சம்கூட மாற்றவில்லை. குஷன் உறையில் தையல் கோணல் என்று மருந்துக்கடை அம்மாவிடமே சொன்னார். இந்த மூன்று வாரத்தில் எனக்கும் அவர்மேல் தினம் ஒரு முறையாவது கோபம் வருகிறது. கோபத்தோடேயே கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். பால் பொங்குவது சில நாள் வருகிறது, பல நாள் இல்லை. வந்த நாளில் உட்கார வைத்துப் பேசுகிறேன், வராத நாளில் என் வேலையைப் பார்க்கிறேன்.

மௌனம் தொடங்குவதற்கு முன்னால் புதிதாக ஒரு பெண் படியேறி வந்தாள். முப்பது வயது இருக்கும். தூங்காத கண். வாசல் பக்கம் நின்றிருந்த என்னிடம்தான் கேட்டாள்: "அக்கா, இங்க வந்தா மனசுக்குச் சந்தோஷம் கிடைக்கும்னு சொன்னாங்க. நிஜமா?"

என்ன சொல்வது! கிடைக்கும் என்றால் பொய். கிடைக்காது என்றால் அதைவிடப் பெரிய பொய். ஹாலைப் பார்த்தேன். முதல் வரிசையில் ஸ்கேலுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்க வசதியாக இருக்கும் என்று நான் எனக்குப் பிடித்து வைத்த இடம்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றேன். "ஆனா அதோ அந்தப் பெரியவரைப் பாரு. பொறுக்கவே முடியாத மனுஷன். வாயத் திறந்தா குத்தம்தான். நீ போய் அவர் பக்கத்துல உட்காரு."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனால் போய் உட்கார்ந்தாள். நான் பின்வரிசைக்குப் போனேன். பொறாமையாகத்தான் இருந்தது.